திண்ணையும் டேனரியும் ஒன்றல்ல

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி நகர்மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

2019இல் மாவட்டத்தைப் பிரித்தபோது நம்மில் இரண்டு ஊர் வேலூரோடு நின்றது, இரண்டு ஊர் திருப்பத்தூரோடு போனது. இருந்தாலும் நான்கு மன்றங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். வீட்டுக்குள் நடக்கும் தொழிலை விதி எப்படிப் பார்க்க வேண்டும் என்பதில் நான்கு ஊருக்கும் ஒரே சிக்கல்தான்.

2022 பிப்ரவரியில் ஓட்டுக் கேட்டு வந்தீர்களே, அன்று எங்கள் வாசல்களில் என்னென்ன பார்த்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். குடியாத்தம் நெசவாளர் தெருவில் கூடத்துக் குழித்தறியில் லுங்கி ஓடிக்கொண்டிருந்திருக்கும். பக்கத்திலேயே வீட்டம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்திருப்பார். இரண்டு வீடு தள்ளி, மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றும் ஒரு அம்மா கையை நிறுத்தாமலே தலையை மட்டும் ஆட்டி உங்களுக்கு வணக்கம் சொல்லியிருப்பார். ஆம்பூர்ப் பக்கம் சந்து வீடுகளில் பெண்கள் ஷூ அப்பர் தைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். கம்பெனியில் வெட்டித் துளை போட்ட தோல் மூட்டையாக வந்து இறங்கும். அதை முழங்காலில் இடுக்கி, மெழுகு நூலைத் துளைத் துளையாக இழுத்து, முன்பக்க மடிப்பைக் கையாலேயே தைக்க வேண்டும். மெஷின் கிடையாது, தண்ணீர் கிடையாது, புகை கிடையாது. ஊசி, நூல், இரண்டு கை. கூலி ஜோடிக்கு இவ்வளவு என்று. இவர்கள் பேக்டரிக்குப் போகாததற்குக் காரணத்தை நீங்களே அறிவீர்கள். கைக்குழந்தை இருக்கும், படுத்த படுக்கையாய் மாமியார் இருப்பார், அல்லது பெண்ணை வெளியே அனுப்பாத வீடாக இருக்கும்.

இந்த வீடுகளெல்லாம் சட்டத்தின் கண்ணுக்கு என்ன? குடியிருப்பா, தொழிற்கூடமா, கடையா?

ஒரே வீட்டுக்கு ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு பெயர் வைக்கிறது. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஊரை முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று மண்டலம் மண்டலமாகப் பிரிக்கின்றன. எந்த மண்டலத்தில் எது நடக்கலாம் என்பது நகர் ஊரமைப்புத் துறையின் கணக்கு. தொழில் உரிமம் நகராட்சியின் கணக்கு. நம் ஊரில் இன்றும் டி அண்டு ஓ லைசென்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். அபாயமானது, அருவருப்பானது என்று 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் ஒரு பட்டியல் போட்டது. தோல் பதனிடுவது அதில் இருந்தது. 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்து பழைய சட்டம் போனது. பழைய பெயர் போகவில்லை. வீட்டு வரி இன்னொரு கணக்கு. 2022 ஏப்ரலில் வரியை உயர்த்தியபோது 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 சதவீதம் ஏறியது, நகராட்சிகளில் வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம் ஏறியது. ஆக, வாசல் அறையை யாராவது ‘கமர்ஷியல்’ என்று எழுதிவிட்டால் அது ஏழைக்குச் சின்ன விஷயம் இல்லை. வாடகை வீடு என்றால் இன்னும் மோசம். வரி ஏறிவிடும் என்ற பயத்தில் வீட்டுக்காரரே முதல் ஆளாக வந்து, தொழிலை நிறுத்து, இல்லாவிட்டால் காலி பண்ணு என்பார். விதி ஒரு நோட்டீஸ்கூட அனுப்பாமலே வேலை செய்துவிடும்.

நான்காவது, ஈபி என்கிற மின்வாரியம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாத் துறைகளிலும் புத்திசாலித்தனமான வாசகம் ஒன்று இந்த மின்கட்டண ஆணையில்தான் இருக்கிறது. நெசவாளர் வீட்டுக்குள் இருக்கும் கைத்தறிக்கு வீட்டு இணைப்புக் கட்டணமே போதும், வெளியாளை வைத்து நெய்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி என்கிறது அது. தறி மின்சாரத்தில் ஓடுவதில்லை, தலைக்கு மேல் ஒரு விளக்கும் ஒரு விசிறியும்தான் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. 2023 மார்ச்சில் கைத்தறிக்கு இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 300 ஆனது, விசைத்தறிக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 ஆனது. இரண்டும் வேறு வேறு என்ற தெளிவு அதிலும் உண்டு.

அதே ஆணையில் இன்னொரு சலுகையும் இருக்கிறது. டாக்டர், வக்கீல் போன்றவர்கள் வீட்டோடு சேர்த்து 200 சதுர அடிக்குள் ஆலோசனை அறை வைத்துக்கொண்டால் அதற்கும் வீட்டுக் கட்டணம்தான். நல்லது, இருக்கட்டும். வக்கீல் வீட்டுக்குக் கட்சிக்காரர்கள் வருவார்கள், வாசலில் பைக் நிற்கும், சமயத்தில் சண்டையும் நடக்கும். ஷூ அப்பர் தைக்கும் பெண்ணைத் தேடி வாரத்துக்கு ஒரு மூட்டை வரும், ஒரு மூட்டை போகும். ஆனால் அந்தப் பட்டியலில் அவர் பெயர் சொல்லப்படவில்லை. பழைய மிதி மெஷினில் சின்ன மோட்டார் மாட்டிய தையல்கார அம்மா இழுக்கும் கரன்ட் ஒரு குண்டு பல்பு இழுப்பதைவிட அதிகம் இருக்காது. அதற்கே, கணக்கெடுக்க ஆள் வருகிறார் என்றால் மெஷின் மேல் துணி போட்டு மூடுகிற வீடு எனக்குத் தெரிந்து உண்டு. படித்தவர் வீட்டில் செய்வது தொழில்முறைப் பணி, படிக்காதவர் வீட்டில் செய்வது விதிமீறல் என்று எந்தச் சட்டமும் எழுதவில்லை. நடப்பது என்னவோ அப்படித்தான்.

உடனே விதியே வேண்டாம் என்கிறான் இவன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாலாற்றங்கரையில் பிறந்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். குடியிருப்புக்கு நடுவிலேயே தோல் பதனிடும் டேனரிகள் பெருகின. கழிவு கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போனது. ஆறு, ஓடை, ஏரிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடும் மாசு தரும் தொழில்கள் கூடாது என்று 1989 மார்ச்சில் தமிழக அரசு ஆணை போட்டது. போட்ட ஆணை கோப்பில் இருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம்வரை போனது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. டேனரி வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிர் செய்ய லாயக்கில்லாமல் போனது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசு செய்தவனே காசு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றி நின்றதற்கு நம் கிணற்றுத் தண்ணீர் ஒரு காரணம். அதன் பிறகும் தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் நாடு முழுவதும் ‘வேலூர் வழக்கு’ என்று படிக்கிறார்கள். நாம் கேன் தண்ணீர் வாங்குகிறோம்.

அந்த வரலாற்றிலிருந்து ஊர் எடுத்துக்கொண்ட பாடம் பாதிதான் சரி. தொழில் என்றாலே சந்தேகம் என்றாகிவிட்டது. கெடுத்தது தொழில் என்ற பெயர் அல்ல, வாசலைத் தாண்டி வந்த தண்ணீர். அதனால் நான் கேட்பதும் ஒன்றுதான். இந்த வீட்டில் தொழில் நடக்கிறதா என்று கேட்பதை விடுங்கள். இந்த வீட்டு வாசலைத் தாண்டி என்ன வருகிறது என்று கேளுங்கள்.

தண்ணீர் வருகிறதா, என்ன நிறத்தில்? புகையோ நாற்றமோ வருகிறதா? ராத்திரி எத்தனை மணிவரை சத்தம்? தீப்பிடித்தால் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குபவர் கதி என்ன? தெருவை அடைத்து வண்டி நிற்கிறதா? இந்தக் கேள்விகளில் கைத்தறி தேறிவிடும். சாயமும் சலவையும் இல்லாத கைநெசவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2016இல் வெள்ளைப் பட்டியலில் வைத்தது. அதே தெருவில் நூலுக்குச் சாயம் போட்டுக் கழிவைச் சாக்கடையில் விடும் வீடு தேறாது, அது எவ்வளவு சின்ன வீடாக இருந்தாலும். ஒற்றைச் சுவர் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் விசைத்தறி ஓட்டினால் அதுவும் தேறாது. குடியிருப்புப் பகுதியில் இரவுக்கு 45 டெசிபல்தான் என்று 2000ஆம் ஆண்டு ஒலி விதிகள் சொல்கின்றன, விசைத்தறியின் சத்தம் அதற்கெல்லாம் அடங்காது. தறிக்காரர் என் சொந்தக்காரராகவே இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குட்டி சிவகாசி என்று எங்கள் குடியாத்தத்தைச் சொல்லக் காரணமான தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி ஒட்டுவதும் மரச் சட்டத்தில் குச்சி அடுக்குவதும் வீட்டில் செய்யக்கூடிய வேலை. காகிதம், பசை, மரக்குச்சி. அடுக்கிய சட்டத்தை மருந்தில் முக்குவது வேறு வேலை. அதற்குத் தனி இடம், தனி உரிமம், தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் வேண்டும். இரண்டுக்கும் பொதுவாகத் ‘தீப்பெட்டித் தொழில்’ என்று ஒரே பெயர் எழுதினால் ஒன்று அடுக்குகிறவர் வாழ முடியாது, அல்லது முக்குகிறவர் தப்பித்துக்கொள்வார். தொழிலின் பெயரைப் பார்த்து உரிமம் தருவதைவிட, அதில் எந்தக் கட்டம் அந்த வீட்டில் நடக்கிறது என்று பார்த்துத் தருவதே சரி.

டெல்லியில் இரண்டு பக்கமும் தவறு செய்து பார்த்துவிட்டார்கள். வரைபடத்தில் குடியிருப்பு என்று போட்ட தெருவெல்லாம் பல பத்தாண்டுகளாகக் கடையும் பட்டறையுமாக இருந்தது. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்ததும் பூட்டி சீல் வைக்கத் தொடங்கினார்கள். அந்த செப்டம்பரில் சீலம்பூரில் போராட்டம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. கடைசியில் 2007 பிப்ரவரியில் முழுமைத் திட்டத்தையே மாற்றி, ஐந்து ஆள், ஐந்து கிலோவாட் வரை வீட்டுத் தொழிலுக்கு இடம் கொடுத்தார்கள். பிற்பாடு அது ஒன்பது ஆள், பதினொரு கிலோவாட் என்றானது. முதலிலேயே தெருவைப் பார்த்துவிட்டு வரைபடம் போட்டிருந்தால் இவ்வளவு நடந்திருக்காது. ஆனால் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் அதே டெல்லியில்தான் தெரிந்தது. 2019 டிசம்பர் 8 விடிகாலை, அனாஜ் மண்டியில் குடியிருப்புகளுக்கு நடுவே பட்டறைகள் இயங்கிய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று தீப்பிடித்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 43 பேர் செத்தார்கள். வீடு என்ற பெயரில் பேக்டரி ஒளிந்துகொள்ளும் என்று உங்களில் சிலர் வாதாடினால், அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதற்குத்தான் அளவு வேண்டும்.

டெல்லியின் அளவு நமக்குப் பெரிது. குடும்பத்தாரைத் தவிர இரண்டு வெளியாள், ஒரு எச்.பி.க்குள் மோட்டார், வீட்டுக்குள் யாரும் ராத்தங்கி வேலை செய்யக் கூடாது, எரியும் ரசாயனம் கூடாது, சாயத் தண்ணீரும் தோல் தண்ணீரும் சொட்டுக்கூட வெளியே வரக் கூடாது. இந்த எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு உரிமமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம், வரி வகை மாற்றமும் வேண்டாம். எல்லையைத் தாண்டினால் எல்லோருக்கும் உள்ள விதி. இது என் யோசனை. உங்கள் பொறியாளர்களும் சுகாதார ஆய்வாளர்களும் உட்கார்ந்து கூட்டிக் குறைக்கட்டும்.

இனி, இந்தக் கடிதம் எழுத என்னை உட்கார வைத்த விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுத் தொழில் என்று நாம் பேசும்போது அந்த வீட்டுக்காரரே முதலாளி என்பதுபோல் பேசுகிறோம். மாவு அரைத்து விற்கும் அம்மாவுக்கு அது பொருந்தும். அப்பர் தைப்பவருக்கும் பீடி சுற்றுபவருக்கும் பொருந்தாது. தோல் கம்பெனியுடையது, அளவு கம்பெனியுடையது, கூலி கம்பெனியோ ஏஜென்டோ வைத்தது. வீடு, வெளிச்சம், முதுகு வலி மட்டும் அந்தப் பெண்ணுடையது. பேக்டரிக்கான இடம், வாடகை, கரன்ட், கழிப்பறை எல்லாச் செலவையும் அவர் தலையில் கட்டிவிட்டு, பிறகு மண்டல விதி என்று அவரிடமே போய் நிற்பது என்ன நியாயம்?

பீடியில் இதற்கு நாடு அறுபது ஆண்டுக்கு முன்பே ஒரு பதில் கண்டுபிடித்தது. 1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் தொழிற்கூடத்துக்குத்தான் உரிமம் கேட்டது. குடியிருக்கும் வீட்டைத் தொழிற்கூடம் என்ற சொல்லுக்கு வெளியே வைத்தது. அதேசமயம், வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. வேலை கொடுத்தவர் பொறுப்பிலிருந்து நழுவ முடியவில்லை. வீட்டிலிருந்து சுற்றுபவருக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1976இல் வந்த நல நிதியில் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, மருத்துவமனை, வீடு கட்டப் பணம் என்று கிடைத்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த நிதிக்கான செஸ் நின்றுபோனது தனிச் சோகம். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்து 1966 சட்டமும் அவற்றுக்குள் கரைந்துவிட்டது. பீடி சுற்றுவது உடம்புக்கு நல்ல வேலை என்று நான் சொல்ல வரவில்லை. ஒற்றை அறையில் புகையிலைத் தூளும் கைக்குழந்தையும் சேர்ந்து இருப்பதைப் பார்த்தவர் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த அம்மாவிடம் ஒரு அடையாள அட்டை இருந்தது. அதே சந்தில், அடுத்த வீட்டில், ஐரோப்பாவுக்குப் போகும் ஷூவுக்கு மடிப்புத் தைக்கும் பெண்ணிடம் எந்தக் காகிதமும் இல்லை.

வீட்டிலிருந்து வேலை செய்பவரைப் பேக்டரித் தொழிலாளிக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று 1996 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை செய்தது. 177ஆவது உடன்படிக்கை. நம் வேலூர் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முந்தியது. இந்தியா இன்றுவரை அதை முறைப்படி ஏற்கவில்லை. அது உங்கள் கையில் இல்லை, தெரியும். உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன்.

கம்பெனிக்கும் ஏஜென்டின் குடோனுக்கும் தொழில் உரிமம் தருவதும் புதுப்பிப்பதும் நகராட்சிதான். அந்த விண்ணப்பத்தோடு, எந்தெந்த வார்டில் எத்தனை வீடுகளுக்கு வேலை கொடுக்கிறீர்கள், ஜோடிக்கு என்ன கூலி என்று ஒரு தாள் கேளுங்கள். சட்டத்தில் கட்டாயமாக்க முடியுமா என்று சட்ட ஆலோசகரைக் கேட்டு, முடியாதென்றால் மன்றத் தீர்மானமாகப் போட்டு அரசுக்கு அனுப்புங்கள். வீடு வீடாகப் போய் மெஷினைத் தேடுவதைவிடக் குடோன் வாசலில் ஒரு பதிவேடு வைப்பது எளிது, செலவும் குறைவு. அந்தத் தாள் வந்துவிட்டால் வீட்டுத் தொழிலாளிக்கு ஊரில் முதன்முதலாக ஒரு கணக்கு வரும். ஈஎஸ்ஐ, நல வாரியம் என்று நாளைக்குக் கேட்க அவர் கையில் ஒரு பிடி இருக்கும்.

நகராட்சிக்கு வருமானம் குறையும் என்ற பேச்சு மன்றத்தில் கட்டாயம் வரும். திண்ணையிலிருந்து வசூலித்து எந்த நகராட்சியும் சாலை போட்டதில்லை. பேரேட்டுக்கே வராத பெரிய குடோன்களும், வீட்டு வரி கட்டிக்கொண்டு இயங்கும் பட்டறைகளும் நான்கு ஊரிலும் உண்டு. எந்தத் தெருவில் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மண்டல வரைபடம் உங்கள் அதிகாரத்தில் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் முழுமைத் திட்ட வரைவு வெளியானால் கருத்துச் சொல்லச் சட்டம் பொதுமக்களுக்கு அவகாசம் தருகிறது. நில உபயோக மாற்றம் என்று வந்தால் மன்றத் தீர்மானம் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் நெசவாளர் தெருக்களையும் தையல் சந்துகளையும் கலப்புக் குடியிருப்பாகக் காட்டச் சொல்லுங்கள். டேனரிக்கும் சாயத்துக்கும் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். பக்கத்துக் கேரளத்தில் வீட்டின் ஒரு பகுதியில் நானோ தொழில் நடத்த விதியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். அந்த விதிகளை வரவழைத்துப் படிக்க ஒரு குமாஸ்தா போதும்.

2022 நவம்பர் முதல் தேதி உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபாக் கூட்டங்கள் தொடங்கின. சாக்கடை, தெருவிளக்கு, நாய்த்தொல்லை என்று பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அடுத்த கூட்டத்தை மத்தியானம் மூன்று மணிக்கு வையுங்கள்; பதினொரு மணிக்கு வைத்தால் வேலை செய்யும் பெண்கள் வர முடியாது. ஷூ தைப்பவர், பீடி சுற்றுபவர், தறிக்காரர், தீக்குச்சி அடுக்குபவர் எல்லோரையும் கூப்பிட்டு, உங்கள் வாசலைத் தாண்டி என்ன வருகிறது என்று அவர்களிடமே கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் உட்கார்ந்திருப்பதால் பொய் சொல்ல முடியாது. அதை எழுதி மன்றத்தில் வையுங்கள்.

உங்கள் பதவிக்காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் ஒரு சாதாரணக் கூட்டத்தின் அஜெண்டாவில் இதைச் சேர்த்து, விலக்கு பெறும் வீட்டுத் தொழில்கள் எவை என்று ஒரு பக்கத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். தமிழில் எழுதி, வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். மறுபடி ஓட்டுக் கேட்டு வரும்போது அந்தத் தாளைக் கையில் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
வீட்டு வரி பாக்கி இல்லாத ஒரு குடியாத்தம் வாக்காளர்